செல்போனில் கிளை வெட்டலாம்... தண்ணீர் ஊற்ற முடியுமா?

"பொழுதே போக மாட்டேங்குதுங்க... டாக்டர் வேற ஏதாவது ஹாபி வெச்சுக்கோங்கன்னு சொல்றார்!"

ரிடையரானவர்கள் இருக்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கிற வசனம் இது. பையன் சென்னையில், பெண் சிங்கப்பூரில். வீட்டில் ஐயா, அம்மா, ஒரு டி.வி., இரண்டு செல்போன். உங்கள் வீடும் அப்படித்தானா? அப்படியானால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருங்கள். இன்றைக்கு நாம் பேசப் போவது போன்சாய் மரத்தைப் பற்றி. கூடவே, அதைக் கற்றுக்கொடுக்க வந்திருக்கும் ஒரு புது வாத்தியாரைப் பற்றி.

வாத்தியாரின் பெயர் 'ஆக்மென்டட் ரியாலிட்டி'. சுருக்கமாக ஏ.ஆர். தமிழில் 'மிகை மெய்மை' என்கிறார்கள். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். 2016-ல் பிள்ளைகள் செல்போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு 'போகிமான்' பிடிக்கத் தெருத்தெருவாக அலைந்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? அந்த வித்தைதான்! கேமரா வழியாக உங்கள் வீட்டுத் திண்ணையைப் பார்க்கிறீர்கள். திண்ணை நிஜம். அதன்மேல் உட்கார்ந்திருக்கும் குட்டி ஆலமரம் பொய். நீங்கள் சுற்றி வந்தால் அதன் முதுகுப் பக்கம் தெரியும். குனிந்தால் அடிக்கிளை தெரியும். பசை போட்டு ஒட்டின மாதிரி அங்கேயே நிற்கும்.

இதை வைத்து போன்சாய் கற்றுக்கொள்ளலாமா? தாராளமாக! ஆனால் எதைக் கற்றுக்கொள்ள முடியும், எதை முடியாது என்று தெரிந்துகொண்டு இறங்குங்கள். இல்லாவிட்டால் காசும் போய், மரமும் போய், பழைய மனக்கனம் மட்டும் மிச்சமாகும். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெட்டிப் பார்க்க செல்போன். வளர்க்க உங்கள் கை!

மரத்தைக் கொடுமைப்படுத்துகிறோமா?

'போன்' என்றால் தட்டு. 'சாய்' என்றால் நடுவது. சீனாவில் பிறந்து ஜப்பானில் வளர்ந்த கலை. போன்சாய் என்று தனி ஜாதி மரம் கிடையாது. ரோட்டோரம் நிற்கிற அதே ஆல், அதே புளிதான். ஆழம் குறைந்த தொட்டியில் வைத்து, கிளையையும் வேரையும் அவ்வப்போது கத்தரித்துச் சின்னதாகவே வைத்திருக்கிறோம். அவ்வளவுதான்.

"பாவம்ங்க, மரத்தைக் கொடுமைப்படுத்தற மாதிரி இருக்கே!" என்று சில பேர் உச்சுக் கொட்டுவார்கள். "வீட்ல வெச்சா வளர்ச்சி குன்றிடுமாமே?" என்று பக்கத்து வீட்டு மாமி பயமுறுத்துவார். நம் கிராமத்து வேலிகளைப் பாருங்கள். ஆடு கடித்துக் கடித்து இடுப்பளவுக்கு மேல் போகாத கொடுக்காப்புளி, வருஷக்கணக்காகத் துளிர்த்துக்கொண்டேதான் இருக்கிறது. பழைய கிணற்றுச் சுவரைப் பாருங்கள். காக்கை எச்சத்தில் விழுந்த விதை, செங்கல் இடுக்கில் ஒரு சாண் உயரத்துக்கு வளர்ந்து, கிழட்டுத் தோரணையோடு வளைந்து நிற்கும். யார் அங்கே கத்தரி வைத்தார்கள்? இடம் குறைந்தால் மரம் தானே அடக்கமாக வளரும். போன்சாய்க்காரர் அந்த வேலையைக் கவனத்தோடு செய்கிறார். உங்கள் வீட்டு வளர்ச்சிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை!

அச்சரப்பாக்கம் மாதிரி ஊரில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு லாபமும் உண்டு. நர்சரிக்குப் போய் ஆயிரக்கணக்கில் கொட்டி அழ வேண்டாம். கைப்பிடிச் சுவரில், தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் முளைக்கிற ஆலங்கன்று, அரசங்கன்று போதும். எப்படியும் சுவர் பிளந்துவிடுமே என்று பிடுங்கிப் போடத்தான் போகிறீர்கள். வேர் அறாமல் எடுத்துத் தொட்டியில் வையுங்கள். பைசா செலவில்லை.

உடம்புக்கு என்ன லாபம்?

ஹெல்த் பத்திரிகையில் மரத்துக்கு என்ன வேலை என்கிறீர்களா? இருக்கிறது.

மறுவாழ்வு சிகிச்சையில் இருந்த 14 முதியவர்களை ஒரு போன்சாய் மரத்தின் முன் ஒரு நிமிடம் உட்கார வைத்துப் பார்த்தார்கள் ஜப்பானிய ஆய்வாளர்கள். 2018-ல் முடிவு வெளியானது. அந்த ஒரு நிமிடத்திலேயே மூளையின் முன்பகுதிப் பரபரப்பு தணிந்தது. உடம்பை ஆசுவாசப்படுத்தும் நரம்புகளின் வேலை கூடியது. அவர்களே "நிம்மதியாக இருந்தது" என்றார்கள்.

உடனே 'போன்சாய் பார்த்தால் பி.பி. போயே போச்சு' என்று கிளம்பிவிடாதீர்கள்! 14 பேர் என்பது மிகச் சின்னக் கணக்கு. ஒரு நிமிட நிம்மதி வேறு, நோய் குணமாவது வேறு. மாத்திரையை நிறுத்த இது லைசென்ஸ் இல்லை.

நம் விஷயத்துக்கு இதைவிட முக்கியமான ஆய்வு இன்னொன்று உண்டு. 2015-ல் வெளியானது. 40 பள்ளி மாணவர்களுக்கு நிஜமான பான்சிப் பூக்களையும், அதே மாதிரி செய்த செயற்கைப் பூக்களையும் தலா 3 நிமிடம் காட்டினார்கள். கண்ணுக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் உடம்பு ஏமாறவில்லை! டென்ஷனைக் கிளப்பும் நரம்புகளின் வேலை நிஜப் பூவின் முன்னால்தான் அதிகம் தணிந்தது. 3 நிமிடத்திலேயே உடம்பு நிஜத்தைக் கண்டுபிடித்துவிடுகிறது என்றால், செல்போனுக்குள் இருக்கும் ஆலமரம் திண்ணையில் இருக்கும் ஆலமரத்துக்கு ஈடாகுமா? நீங்களே சொல்லுங்கள்.

புது வாத்தியார் எதில் கெட்டி?

அதற்காக வாத்தியாரை வாசலோடு அனுப்பிவிடவும் கூடாது. மூன்று விஷயத்தில் அவர் கெட்டிக்காரர்.

ஒன்று, வெட்டிப் பழகுவது. போன்சாயில் பயமே அங்கேதான். பத்து வருஷம் வளர்ந்த கிளையைப் பத்து விநாடியில் வெட்டிவிடலாம். திரும்ப ஒட்ட முடியாது. மருத்துவ மாணவர்கள் முதலில் ரப்பர் கையில்தானே ஊசி போட்டுப் பழகுகிறார்கள்? அதே மாதிரிதான் இது. மரத்தைச் சுற்றிச் சுற்றிப் படமெடுத்தால் முப்பரிமாண மாடலாக்கித் தரும் ஆப்கள் இப்போது சாதாரண போனிலேயே ஓடுகின்றன. அந்த மாடலில் கிளையை அழித்துப் பாருங்கள். பிடிக்கவில்லையா? திரும்பக் கொண்டு வாருங்கள். நூறு தடவை வெட்டினாலும் நிஜ மரத்தில் ஓர் இலை உதிராது. நியூசிலாந்தில் திராட்சைத் தோட்டத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு எந்தக் கொடியை வெட்டுவது, எதை விடுவது என்று ஏ.ஆர். கண்ணாடி மூலம் காட்டும் முயற்சியே நடந்திருக்கிறது.

"எங்ககிட்ட அந்த மாதிரி போன் இல்லீங்களே!" என்கிறீர்களா? கவலையை விடுங்கள். வெட்ட நினைக்கிற கிளையை ஒரு வெள்ளைத் துணியால் மறைத்துவிட்டு நாலடி தள்ளி நின்று பாருங்கள். அந்தக் கிளை இல்லாத மரம் தெரியும். காசில்லாத ஏ.ஆர்.!

இரண்டு, வெயில் கணக்கு. கேமராவை வானத்தைப் பார்த்துப் பிடித்தால், எந்தத் தேதியில் சூரியன் எந்த வழியாகப் போகும் என்று கோடு போட்டுக் காட்டும் ஆப்கள் உண்டு. இது நமக்கு ரொம்ப உபயோகம். ஏனென்றால் அச்சரப்பாக்கம் இருக்கும் அட்சரேகையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை உச்சிச் சூரியன் நமக்குச் சற்று வடக்கே நகர்ந்துவிடும். மார்கழியில் வெயில் கொட்டிய தெற்குப் பால்கனி ஆனியில் நிழலாகிவிடும். 'ஏன் மரம் சோர்ந்து போச்சு?' என்று குழம்பாமல் முன்கூட்டியே இடம் மாற்றி வைக்கலாம்.

மூன்று, தூரத்து குரு. அச்சரப்பாக்கத்திலிருந்து சென்னைக்குச் சுமார் 90 கிலோமீட்டர். முட்டிவலியோடு வாராவாரம் வகுப்புக்குப் போய் வர முடியுமா? வீடியோ காலில் நீங்கள் மரத்தைக் காட்ட, சொல்லிக்கொடுப்பவர் அங்கிருந்தபடியே திரையில் குறியிட, அந்தக் குறி உங்கள் மரத்தின் கிளையிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும் வசதி வந்திருக்கிறது. இதை நான் கை தட்டி வரவேற்கிறேன்.

அச்சு முறிந்த கதை

இனி, வாத்தியார் கோட்டை விடும் இடங்களுக்கு வருவோம்.

அச்சரப்பாக்கத்துக்காரர்களுக்கு ஊர்ப்பெயரின் கதை தெரிந்திருக்கும். முப்புரம் எரிக்கப் புறப்பட்டபோது விநாயகரை வணங்க மறந்துவிட்டார்களாம். சிவபெருமான் ஏறிய தேரின் அச்சே இற்றுப் போனதாம். 'அச்சு இறு பாக்கம்'தான் அச்சரப்பாக்கம் ஆயிற்று என்கிறது தலபுராணம். முதலில் கும்பிட வேண்டியதைக் கும்பிடாமல் கிளம்பினால் சுவாமி தேரே நின்றுவிடுகிறது. நாம் எந்த மூலைக்கு!

போன்சாயில் முதலில் கும்பிட வேண்டியது வேரை. கேமராவுக்குத் தெரியாததும் அதே வேர்தான்! ஏ.ஆர். மரத்துக்கு வேர் கிடையாது. மண் கிடையாது. தாகம் கிடையாது. நிஜத்தில் ஒரு போன்சாய் சாவது பெரும்பாலும் தப்பாக வெட்டியதால் அல்ல. தப்பாகத் தண்ணீர் விட்டதால். வடியாத மண்ணில் தினமும் ஒரு சொம்பு ஊற்றினால் வேர் அழுகும். அக்னி நட்சத்திரத்தில் ஒருநாள் மறந்தால் இலை சுருளும். மே மாதம் காலை, மாலை இரண்டு வேளையும்கூடத் தேவைப்படலாம். அடைமழையில் தண்ணீரே வேண்டியிருக்காது. 'இத்தனை மில்லி' என்று எந்த ஆப் சொன்னாலும் நம்பாதீர்கள். விரலை அரை அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். தொட்டியைத் தூக்கி கனம் பாருங்கள். ஒரு மாதத்தில் உங்கள் கை அந்தக் கணக்கைக் கற்றுக்கொள்ளும்.

அடுத்தது, இடம். கடைக்காரர்களின் ஆப்பில் டி.வி. ஸ்டாண்டு மேல் ஒரு போன்சாயை வைத்துக் காட்டுவார்கள். அடடா, என்ன அழகு! நீங்களும் வாங்கி வந்து அங்கேயே வைப்பீர்கள். ஏ.சி. காற்று, ட்யூப்லைட் வெளிச்சம்... சில மாதங்களில் மரம் மொட்டை. படத்தில் அழகாக இருக்கும் இடம் வேறு, செடி உயிரோடு இருக்கும் இடம் வேறு. ஆலுக்கும் புளிக்கும் தினமும் சில மணி நேரமாவது நல்ல வெயில் வேண்டும். விருந்தாளி வந்தால் ஒருநாள் ஹாலுக்குக் கொண்டு வாருங்கள். மறுநாள் வெளியே வைத்துவிடுங்கள்.

இன்னொரு வம்பு, மாதிரி மரம். இந்த ஆப்களில் ஜூனிபர், பைன், மேப்பிள் என்று குளிர்தேசத்து மரங்கள்தான் கண்ணைப் பறிக்கும். அவற்றுக்கு நல்ல குளிர்காலத் தூக்கம் வேண்டும். செங்கல்பட்டு மாவட்டத்தில் அதற்கு எங்கே போவது? நமக்கு ஆல், அரசு, இச்சி, புளி, கொடுக்காப்புளி, காகிதப்பூ போதும். மாதிரி வேண்டுமா? அடுத்த தடவை சென்னை போகும்போது அடையாறு பிரம்மஞான சபை வளாகத்து ஆலமரத்தைப் போய்ப் பாருங்கள். 1989-ல் புயல்காற்றில் தாய்மரமே சாய்ந்துவிட்டது. விழுதுகள் தாங்கி நிற்கின்றன! ஓர் ஆல் எப்படி நிற்கும் என்பதை அதைவிட எந்தத் திரை சொல்லித்தரும்? குட்டி மரங்களையே பார்க்க வேண்டுமென்றால் மைசூர் கணபதி சச்சிதானந்த ஆசிரமத்தில் பெரிய போன்சாய் தோட்டம் இருக்கிறது.

400 வருஷமா, 4 விநாடியா?

எனக்கு உண்மையான பயம் வேறொன்றில். ஏ.ஆரில் விரலால் ஒரு கோட்டை இழுத்தால் கன்று மரமாகிவிடும். 4 விநாடியில் 400 வருஷம்!

நிஜமான 400 வருஷக் கதை ஒன்று சொல்கிறேன். 1625 முதல் தொட்டியில் வளர்ந்து வரும் ஒரு ஜப்பானிய வெள்ளைப் பைன் மரம் இருக்கிறது. யமாகி என்ற குடும்பம் தலைமுறை தலைமுறையாக வளர்த்தது. அவர்கள் வீடு ஹிரோஷிமாவில். 1945 ஆகஸ்ட் 6 அன்று அணுகுண்டு விழுந்த இடத்திலிருந்து சுமார் 3 கிலோமீட்டர்தான். மதில் சுவர் மறைத்ததால் மரம் பிழைத்தது. 1976-ல் அந்தக் குடும்பம் அதை அமெரிக்காவுக்கே பரிசாகக் கொடுத்துவிட்டது. குண்டு போட்ட நாட்டுக்கு! வாஷிங்டன் தேசியத் தாவரப் பூங்காவில் அதற்குத் தண்ணீர் ஊற்றியவர்களுக்கே அது ஹிரோஷிமாவில் தப்பிய மரம் என்று தெரியாது. 2001-ல் பேரப்பிள்ளைகள் பார்க்க வந்தபோதுதான் விஷயம் வெளியே தெரிந்தது.

அந்த மரத்துக்கு 1625-ல் தண்ணீர் ஊற்றியவர் இன்றைய அதன் உருவத்தைப் பார்க்கவில்லை. பார்க்க மாட்டோம் என்று தெரிந்துதான் ஊற்றினார். போன்சாயின் மருந்தே அங்கேதான் இருக்கிறது என்பேன். நாளைக் காலை ஆறு மணிக்கு எழுந்து போய்ப் பார்க்க ஓர் உயிர் இருக்கிறது. நீங்கள் போகாவிட்டால் அது வாடும். "நம்மள யாரும் தேட மாட்டேங்கறாங்களே" என்று ஏங்குகிற வயதில் இது சின்ன விஷயமா? செல்போன் மரம் உங்களைத் தேடாது. மூன்று மாதம் கழித்துத் திறந்தாலும் அப்படியே பச்சையாக நிற்கும். வாடத் தெரியாத மரத்திடம் பாசம் வைக்க முடியாது!

இதையெல்லாம் மறந்துடாதீங்க!

* ஏ.ஆர். பார்க்கும்போது கண் திரையில், கால் தரையில். மொட்டை மாடியிலும் படிக்கட்டு ஓரத்திலும் போனை நீட்டிக்கொண்டு நடக்கவே நடக்காதீர்கள். அறுபதுக்கு மேல் ஒரு வீழ்ச்சி என்றால் இடுப்பு எலும்புக்கு ஆபத்து. ஒரே இடத்தில் நின்று பாருங்கள், அல்லது யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

* 20 நிமிடத்துக்கு ஒருமுறை திரையிலிருந்து கண்ணை எடுத்து, 20 அடி தள்ளி இருக்கும் எதையாவது 20 விநாடி பாருங்கள். கண்ணைச் சிமிட்ட மறக்காதீர்கள்.

* தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தண்ணீர் தேங்கினால் டெங்கு கொசுவுக்குப் பிரசவ வார்டு அதுதான். ஒரு வாரம், பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். வாரம் ஒருமுறையாவது தட்டைக் கவிழ்த்து, ஓரங்களை நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். ஓரத்தில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் தண்ணீர் பட்டதும் பொரிக்கும்.

* ஆல், அத்தி வகை மரங்களை வெட்டினால் பால் வடியும். சிலருக்கு அரிப்பு எடுக்கும். கண்ணில் பட்டால் எரிச்சல். கையுறை போடுங்கள், வேலை முடிந்ததும் சோப்பு போட்டுக் கழுவுங்கள். சுகர் உள்ளவர்கள் சின்னக் கீறலையும் அலட்சியம் செய்யாதீர்கள். மண்ணோடு புழங்குபவர்கள் டி.டி. ஊசி போட்டு எத்தனை வருஷமாயிற்று என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.

* குத்துக்காலிட்டு உட்கார வேண்டாம். தொட்டியை மேஜை உயரத்துக்குத் தூக்கி வையுங்கள். முட்டி உங்களை வாழ்த்தும்.

* கிளையை வளைக்கக் கட்டும் அலுமினியக் கம்பியைக் கட்டிவிட்டு மறந்துவிடாதீர்கள். நம் வெயிலுக்கு ஆல் மளமளவென்று பருக்கும். கம்பி பட்டைக்குள் புதைந்தால் தழும்பு போகாது. வாரத்துக்கு ஒருமுறை பாருங்கள்.

கடைசியாக ஒரு யோசனை. லீவுக்குப் பேரப்பிள்ளை வரும்போது போனை அவன் கையில் கொடுங்கள். "எந்தக் கிளையை வெட்டலாம், நீ சொல்லுடா!" என்று கேளுங்கள். அவன் ஏ.ஆரில் பத்து விதமாக வெட்டிக் காட்டட்டும். பத்தில் ஒன்றை இரண்டு பேருமாகத் தேர்ந்தெடுங்கள். அப்புறம் போனை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, அவன் கையில் பூவாளியைக் கொடுங்கள். திரையில் அவன் உங்களுக்கு குரு. மண்ணில் நீங்கள் அவனுக்கு குரு. அவன் ஊருக்குப் போன பிறகு "தாத்தா, துளிர் விட்டுச்சா?" என்று போன் பண்ணுவான் பாருங்கள்... அந்த போன்காலுக்காகவாவது இந்த ஞாயிற்றுக்கிழமை சுவரில் முளைத்திருக்கும் அந்த ஆலங்கன்றைத் தேடிப் பிடியுங்கள்!